கை தடுமாறினால் குற்றம் கையிலா?

கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமத்து வயல்களுக்குத் திறந்து விடப்படும் நாள் எங்கள் பக்கத்தில் எல்லோரும் காத்திருக்கும் நாள். வாய்க்கால் கதவைத் தூக்கினால் தண்ணீர் பாய்கிறது, இறக்கினால் நிற்கிறது. எவ்வளவு திறந்தோம் என்பதைக் கண் காண்கிறது, காது கேட்கிறது, வாய்க்காலில் நிற்கும் காலும் உணர்கிறது. கூடுதலாகத் திறந்து விட்டால் அந்தக் கணமே தெரிந்துவிடும். அந்தக் கணமே திருத்திக் கொள்ளலாம். இந்த வேலைக்கு எந்த வட்டவிதானையாரும் கையேடு வாசித்ததில்லை.

ஆனால், ஒரு கண்டம் முழுவதற்கும் தண்ணீர் பங்கிடத் தெரிந்த அதே மனிதர், ஒரு விண்ணப்பப் படிவத்தையோ புதிய கைத்தொலைபேசியையோ கையில் கொடுத்ததும் தடுமாறுகிறார். "எங்களுக்குப் படிப்புக் காணாது" என்று தம்மையே குறை சொல்லிக்கொண்டு அதைப் பேரப்பிள்ளையிடம் நீட்டுகிறார்.

இது உண்மையில் படிப்பின் குறைதானா? அல்லது அந்தப் படிவத்தின் குறையா? இந்தக் கேள்வியைத் தொழிலாகவே எடுத்து ஆராய்கின்ற ஒரு துறை உலகில் உண்டு. அத்துறை கண்டறிந்தவை இடம்பெயர்ந்து வாழும் எங்கள் குடும்பங்களுக்கு மிகவும் வேண்டியவை.

நிரந்தர முகவரி எது?

1985, 1990, 2006 ஆகிய ஆண்டுகளில் திருகோணமலை மாவட்டத்தில் வீடு விட்டு ஓடியவர்கள் எத்தனை படிவங்களை நிரப்பியிருப்பார்கள்! பங்கீட்டு அட்டைக்கு ஒன்று, காணாமற்போன அடையாள அட்டைக்கு ஒன்று, பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்க ஒன்று, நட்டஈட்டுக்கு ஒன்று. அவற்றில் அநேகமாக எல்லாவற்றிலும் இருந்த கேள்வி, 'நிரந்தர முகவரி'.

போக முடியாத ஊரா நிரந்தரம்? தங்கியிருக்கும் நலன்புரி நிலையமா நிரந்தரம்? ஊரின் பெயரை எழுதினால் கடிதம் வந்து சேராது. முகாமின் பெயரை எழுதினால் ஊரிலுள்ள காணியின் உரிமைக்குப் பங்கம் வருமோ என்ற பயம். இரண்டையும் எழுத அந்தப் பெட்டியில் இடமில்லை. பலர் அதை வெறுமையாக விட்டார்கள். வெறுமையாக விட்ட படிவம் திரும்பி வந்தது.

இதில் தவறியவர் யார்? வீட்டை விட்டு ஒருநாளும் ஓடியிராத ஒருவர் மேசையில் இருந்து எழுதிய கேள்வி அது. ஓடியவர் ஒருவரிடம் அச்சிடுவதற்கு முன் கொடுத்துப் பார்த்திருந்தால், பத்து நிமிடத்தில் பிழை வெளிப்பட்டிருக்கும்.

இடைமுகம் என்றால் என்ன?

மனிதரும் ஒரு கருவியும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தை 'இடைமுகம்' என்கிறார்கள். துருசின் கைபிடி ஓர் இடைமுகம். தொலைபேசியின் பொத்தான்களும் திரையும், வங்கியின் பணம் தரும் இயந்திரமும், நீரிறைக்கும் இயந்திரத்தின் விசையும் அப்படியே. படிவமும் ஓர் இடைமுகந்தான். அதன் மறுபக்கத்தில் இயந்திரத்துக்குப் பதிலாக ஓர் அலுவலகம் இருக்கிறது.

இடைமுகம் நல்லதா என்பதை எப்படி அளப்பது? சர்வதேச தர நிர்ணய நிறுவனம் 1998இல் வெளியிட்ட ஒரு நியமம் மூன்று கேள்விகளைக் கேட்கிறது. முதலாவது, எடுத்த காரியம் சரியாக முடிந்ததா? இரண்டாவது, அதற்கு எவ்வளவு நேரமும் சிரமமும் செலவாயின? மூன்றாவது, செய்தவருக்கு மனநிறைவு உண்டா? இவற்றோடு ஒரு நிபந்தனையும் உண்டு. எந்த மக்கள், எந்த வேலைக்காக, எந்தச் சூழலில் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் குறிப்பிட்டுத்தான் இம்மூன்றையும் அளக்க வேண்டும். கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே நன்றாக வேலை செய்யும் ஒன்று, வயல் வரம்பில் வெயிலில், சேறு பட்ட கைக்கு உதவாமற் போகலாம். எல்லோருக்கும் எங்கும் நல்லது என்று ஒன்று இல்லை.

படித்தவர்களும் தடுமாறிய கதை

'படிப்பில்லாததால்தான் தடுமாறுகிறோம்' என்று நினைப்பவர்கள் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1979 மார்ச் 28ஆம் திகதி அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே இறுகிக்கொண்டது. அதன் வழியாக, உலையைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் வெளியேறிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறையில் அந்த வால்வுக்கென ஒரு விளக்கு இருந்தது. அது அணைந்ததால், பணியாளர்கள் வால்வு மூடிவிட்டது என்று எண்ணினார்கள்.

உண்மையில் அந்த விளக்கு காட்டியது வால்வு மூடியதை அல்ல. 'மூடு' என்ற கட்டளை அனுப்பப்பட்டதை மாத்திரமே. துருசை மூடும்படி ஆளனுப்பிவிட்டு, ஆள் போய்விட்டார், ஆகவே துருசு மூடியிருக்கும் என்று வீட்டில் இருந்து நம்புவதைப் போன்றது இது. இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எவருக்கும் உண்மை தெரியவில்லை. உலையின் மையப் பகுதி பாதியளவு உருகியது. அங்கே நின்றவர்கள் பயிற்சி பெற்ற தொழில்நுட்பவியலாளர்கள். விபத்தை விசாரித்த ஜனாதிபதி ஆணைக்குழு, பணியாளர்களின் தவறுகளோடு நின்றுவிடாமல், பயிற்சியின் குறையையும் கட்டுப்பாட்டு அறை அமைக்கப்பட்டிருந்த விதத்தையும் சேர்த்தே குற்றஞ்சாட்டியது.

வாய்க்கால் கதவில் தண்ணீரையே நாம் காண்கிறோம். அந்த அறையில் அவர்கள் கண்டது விளக்கை மட்டும். தொலைபேசியில் பணம் அனுப்பிவிட்டு, 'போய்ச் சேர்ந்ததா, சேரவில்லையா' என்று தெரியாமல் மறுபடியும் அழுத்துகின்ற ஒருவரின் நிலையும் இதுதான். செய்த காரியத்தின் விளைவைத் தெளிவாகக் காட்டாத கருவி, எவ்வளவு படித்தவரையும் பிழை செய்ய வைக்கும்.

ஐந்து பேர் போதும்

பிழைகளை முன்கூட்டியே காண்பதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. பொத்தான் தொலைபேசி 1963இல் பாவனைக்கு வருவதற்கு முன், அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் இலக்கங்களைப் பல ஒழுங்குகளில் அடுக்கிச் சாதாரண மனிதர்களிடம் கொடுத்து, வேகத்தையும் பிழைகளையும் எண்ணிப் பார்த்தார்கள். 1, 2, 3 மேல் வரிசையில் இருக்கும் இன்றைய ஒழுங்கு அப்படி நிலைபெற்றது. கணக்குப் பார்க்கும் கல்குலேற்றரிலோ 7, 8, 9 மேலே இருக்கின்றன. ஒன்றில் பழகிய விரல் மற்றதில் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே.

1982இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் என்பவர் மிக எளிய முறை ஒன்றை விவரித்தார். ஒருவரிடம் கருவியைக் கொடுத்து, ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லும்படி கேட்பதே அந்த முறை. 'இதை அழுத்தவோ... இது எதற்கு... ஐயோ, முன்பு இருந்தது எங்கே போயிற்று' என்று அவர் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையும் கருவியின் பிழைக்குச் சாட்சி.

எத்தனை பேரிடம் இப்படிப் பார்க்க வேண்டும்? யாக்கோப் நீல்சனும் தோமஸ் லாண்டவரும் 1993இல் இதைக் கணக்கிட்டார்கள். அவர்கள் பார்த்த சோதனைகளில், ஒருவர் சராசரியாக மொத்தப் பிழைகளில் 31 வீதத்தை வெளிக்கொணர்ந்தார். அந்தக் கணக்கின்படி ஐந்து பேர் ஏறக்குறைய 85 வீதத்தைக் காட்டிவிடுவார்கள். 'ஐந்து பேர் போதும்' என்ற நீல்சனின் பேச்சு அப்படிப் பரவியது. இதைப் பின்னர் மறுத்தவர்களும் உண்டு. பெரிய, சிக்கலான அமைப்புகளுக்கு ஐந்து பேர் காணாது. மக்கள் பலவகையினர் என்றால் ஒவ்வொரு வகையினரிடமும் தனித்தனியே பார்க்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வாழும் தம்பலகாமம் போன்ற பிரதேசத்தில், தமிழ்ப் படிவத்தைச் சோதித்ததைக் கொண்டு சிங்களப் படிவமும் சரி என்று முடிவு கட்ட முடியாது. முதியவருக்கும் இளைஞருக்கும் வெவ்வேறு தடைகள் இருக்கும். ஆயினும் ஒருவரிடமும் கொடுத்துப் பார்க்காமல் இருப்பதைவிட ஐந்து பேரிடம் பார்ப்பது எவ்வளவோ மேல்.

"நல்லாயிருக்கு ஐயா"

இங்கே எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய தடை உண்டு. அது எங்கள் பண்பாடு. உதவி கொண்டு வந்தவர் "இது எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், குறை சொல்ல வாய் வராது. அடுத்த உதவி நின்றுவிடுமோ என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். "நல்லாயிருக்கு ஐயா" என்று சொல்லிவிடுவோம்.

நிக்கோலா டெல் என்பவரும் அவருடைய குழுவினரும் பெங்களூரில் 450 பேரிடம் இதை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரியான இரண்டைக் காட்டி, அவற்றில் ஒன்று கேட்பவரே செய்தது என்று எண்ணும்படி விட்டார்கள். கேட்பவர் செய்ததாக எண்ணியதையே 'சிறந்தது' என்று சொல்லும் போக்கு இரண்டரை மடங்காக இருந்தது. கேட்டவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றபோது அது ஐந்து மடங்காயிற்று. இரண்டுக்கும் இடையில் உண்மையில் எந்த வேறுபாடும் இல்லை!

மதிப்பீடு செய்ய வரும் தொண்டு நிறுவனங்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'மக்கள் திருப்தி தெரிவித்தனர்' என்று அறிக்கையில் எழுதப்படுவது, பல வேளைகளில் மக்களின் மரியாதை மட்டுமே. வாயைக் கேட்க வேண்டாம், கையைப் பாருங்கள்.

இந்தத் தயக்கத்தைத் தாண்ட இந்தியாவில் அபலா லாகிரி சாவன் என்பவர் ஒரு சுவையான வழி கண்டார். சோதனையைச் சினிமாக் கதையாக்கினார். உங்கள் மருமகளுக்குக் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. மாப்பிள்ளை ஒரு கொலைகாரன் என்று திடீரெனத் தெரிய வருகிறது. உடனே பயணச்சீட்டு எடுத்துப் போய்த் தடுக்க வேண்டும். இப்படிச் சொல்லி, பயணச்சீட்டு எடுக்கும் கணனித் திரையைக் கொடுத்தால், மனிதர்கள் மரியாதையை மறந்து, 'இது ஏன் இப்படி இழுக்கிறது' என்று உள்ளபடி திட்டத் தொடங்குகிறார்கள்.

அயலில் கண்ட பாடங்கள்

பெங்களூரில் இந்திராணி மேதி என்பவர், வாசிக்கத் தெரியாத வீட்டுவேலைப் பெண்கள் வேலை தேடிக்கொள்வதற்காக எழுத்தில்லாத கணனித் திரை ஒன்றைப் படங்களாலும் குரலாலும் அமைத்து, 2006இல் அதைப் பற்றி எழுதினார். பாத்திரம் கழுவும் வேலையைக் குறிக்கப் பாத்திரங்களை மட்டும் வரைந்தபோது, பெண்கள் அதைச் 'சமையலறை' என்று புரிந்துகொண்டார்கள். குழாயிலிருந்து தண்ணீர் விழுவதாக வரைந்த பிறகே 'கழுவுவது' என்று விளங்கியது. படம் என்றால் எல்லோருக்கும் தானே விளங்கும் என்பது தவறு. படத்தையும் சோதிக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் சுயஉதவிக் குழுக்களோடு வேலை செய்த தபன் பாரிக் வேறொரு வழியில் போனார். பெண்கள் ஏற்கெனவே பழகிய கணக்குத் தாளை அவர் தூக்கி எறியவில்லை. தாளில் குறியீடுகளை அச்சிட்டு, தொலைபேசியின் கமரா அதை வாசிக்க, தொலைபேசி தமிழில் பேசிக் கேட்க, இலக்கத்தை மட்டும் அழுத்தும்படி அமைத்தார். எழுத்து வராத பலருக்கும் இலக்கம் வரும். சந்தையில் கணக்குப் பார்த்த அனுபவம் அது. தெரிந்ததிலிருந்து தொடங்கினால் புதியது பாரமாகாது.

திரையே வேண்டும் என்பதும் இல்லை. புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின் கீழ், இணையத்தில் ஆங்கிலத்தில் கிடைத்த கடல் அலை முன்னறிவிப்பைத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மீனவருக்கு அதுவே இடைமுகம். இலங்கையில் கொத்மலை சமூக வானொலி, 1990களின் இறுதியிலிருந்து, கேட்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியிலேயே விளக்கியது. விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்து, பயிர் நோயைப் பற்றிப் பேச்சிலேயே கேட்பதும் அவ்வகையானதே.

நாமே கண்ட ஓர் உதாரணம்

2022 ஜூலையில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வந்த தேசிய எரிபொருள் அனுமதிப்பத்திரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அதில் இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று பதிவு செய்வது. அடையாள அட்டை இலக்கம், வாகனத்தின் செசி இலக்கம் என்று பிழையில்லாமல் அடிக்க வேண்டும். இணைய வசதியும் வேண்டும். உழவு இயந்திரம் வைத்திருந்த பலர் மற்றவர் உதவியை நாடினார்கள். மற்றது எண்ணெய் அடிப்பது. அதற்குச் சதுரமான கியூ.ஆர். குறியீட்டைத் தாளில் அச்சிட்டுக் கொண்டு போனாலே போதும். தொலைபேசி இல்லாதவரும் பிளாஸ்ரிக் உறையிட்ட அந்தத் தாளை நீட்டி எண்ணெய் வாங்கினார். 2023 செப்டெம்பரில் அந்த முறை நிறுத்தப்பட்டது.

ஒரே திட்டத்தில் ஒரு பாதி கடினம், மறுபாதி இலகு. 'நல்லதா, கெட்டதா' என்று மொத்தமாகக் கேட்டால் இது வெளிவராது. வேலை வேலையாகப் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே திருத்த வேண்டும் என்பது தெரியும்.

கடினமான இடைமுகத்தின் விலையை ஏழைகளே கொடுக்கிறார்கள். பணம் தரும் இயந்திரம் விளங்காதபோது அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் மற்றவர் கையில் கொடுக்க நேர்கிறது. படிவம் விளங்காதபோது மற்றவர் நிரப்பியதில் கைநாட்டு வைக்க நேர்கிறது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது பின்னரே தெரிய வருகிறது.

எங்கள் சங்கங்கள் செய்யக்கூடியது

கமக்கார அமைப்பு, மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம் ஆகியவை தாமும் படிவங்கள் அச்சிடுகின்றன. கடன் அட்டைகள் தயாரிக்கின்றன. அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு பிற்பகலை ஒதுக்கி இதைச் செய்து பாருங்கள்.

1. படிவத்தைக் கையால் எழுதி ஐந்து பிரதிகள் எடுங்கள். அதை உண்மையில் நிரப்பப் போகிறவர்களில் ஐந்து பேரை அழையுங்கள். செயலாளரின் நண்பர்களை அழைக்க வேண்டாம். ஒரு முதியவரும், கணவரை இழந்த ஒரு பெண்ணும், கண்பார்வை மங்கிய ஒருவரும் இருக்கட்டும்.

2. முதலில் இதைச் சொல்லுங்கள்: "நாங்கள் சோதிப்பது உங்களை அல்ல, இந்தத் தாளை. நீங்கள் எங்கே தடுமாறுகிறீர்களோ அங்கே பிழை எங்களுடையது."

3. செய்ய வேண்டிய காரியத்தைச் சொல்லுங்கள். வழியைச் சொல்ல வேண்டாம். 'விதைநெல் கடனுக்கு விண்ணப்பியுங்கள்' என்றால் போதும்.

4. வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுவோரை இருவர் இருவராக இருத்துங்கள். ஒருவரோடொருவர் கதைத்தபடி செய்யும்போது மனதில் உள்ளது தானே வெளிவரும்.

5. பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது. இதுவே எல்லாவற்றிலும் கடினம். உதவத் துடிக்கும். படிவம் வீட்டுக்குப் போகும்போது நீங்கள் கூடப் போவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

6. எங்கே நின்றார், எங்கே திரும்ப வாசித்தார், எதை வெட்டி எழுதினார், எதை வெறுமையாக விட்டார், முடித்தாரா, எவ்வளவு நேரம் சென்றது என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

7. இரண்டு பேர் ஒரே இடத்தில் தடுமாறினால் அந்தக் கேள்வியை மாற்றுங்கள். மாற்றியதை வேறு ஐந்து பேரிடம் கொடுத்துப் பாருங்கள். திருத்தம் புதிய பிழையையும் கொண்டு வரலாம்.

அலுவலகமோ நிறுவனமோ உங்களிடம் புதிதாக ஒன்றைக் கொண்டு வந்து கருத்துக் கேட்டால், "நல்லாயிருக்கு" என்று சொல்லுமுன், "தாருங்கள், உங்கள் முன்னாலேயே ஒருமுறை செய்து பார்க்கிறோம்" என்று கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. புதிய கலப்பை வாங்கும்போது உழுது பார்த்துத்தானே வாங்குகிறோம்!

நிரந்தர முகவரிக்குத் திரும்புவோம். அந்த ஒரு கேள்வியை மூன்றாகப் பிரித்து எழுதிப் பாருங்கள். உங்கள் சொந்த ஊர் எது? உங்கள் காணி எங்கே இருக்கிறது? இப்போது உங்களுக்குக் கடிதம் எங்கே அனுப்பினால் கிடைக்கும்? மூன்றுக்கும் இடம்பெயர்ந்த எந்தத் தாயிடமும் தடுமாற்றமில்லாத விடை உண்டு. இதுவும் எங்கள் ஊகந்தான். அடுத்த கூட்டத்தில் ஐந்து பேரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள்.